ஒற்றைத் தோடு போட்ட ஆண்டி

இங்கிலீஷில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வார்த்தைகள் மொத்தம் ஐந்து. நாலு வார்த்தைகளைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஐந்தாவதைக் கற்றுக்கொண்ட கதையைப் பாதி வரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். மீதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

எழுபத்தெட்டாம் வருடம். மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் என்கிற ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். பெண்களைக் கொழுந்து பறிக்கிற கூட்டம், மருந்தடிக்கிற கூட்டம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் மருந்தடிக்கிற கூட்டம். மருந்து என்றதும் யாரும் காய்ச்சல் மருந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தேயிலைக்கு நடுவே முளைக்கிற புல்லைச் சாகடிக்கிற மருந்து. நாலு கேலன் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பிடியை அடித்துக்கொண்டே மறு கையால் குழாயை ஆட்டியபடி சரிவில் ஏற வேண்டும். ஏறுவதென்ன, கால் வழுக்காமல் நின்றாலே பெரிய விஷயம். பம்பு ஒழுகும், ஒழுகுகிற இடத்தில் முதுகு புண்ணாகும். மூன்று வருடத்தில் என் கைநகமெல்லாம் மஞ்சளாகி, இரண்டு நகம் கழன்றே விழுந்துவிட்டது. காலையில் முகம் கழுவினால் மூக்கிலிருந்து ரத்தம் வரும். கங்காணி மாடசாமியிடம் சொன்னால், "ஒடம்பு சூடு, வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி" என்பார். அந்தக் குளிரில் எங்கிருந்து வருமோ சூடு.

தங்கம்மா எனக்குப் பக்கத்து வீடு, மலையில் மருந்தடிக்கவும் பக்கத்து நிரை. லயத்து வரிசை வீடுகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்தான். அவள் அடுப்படியில் தும்மினால் நான் இங்கிருந்து திட்டுவேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனால் நான் அக்கா என்று கூப்பிட்டால் "யாருடி அக்கா, எனக்கு என்ன நரைச்சுப் போச்சா?" என்று சண்டைக்கு வருவாள். அவள் புருஷன் இருளப்பன் பேக்டரியில் இலை வாட்டுகிற மேல்மாடியில் வேலை. பெரிய உருவம், சின்னக் குரல். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷன். பிள்ளை இல்லாத வீடு என்பதாலோ என்னவோ, இரண்டு பேரும் நேற்றுக் கல்யாணமானவர்கள் போலத்தான் இருப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடிந்ததும், மேனேஜருக்கு அடுத்தவராகப் புதிதாக வந்திருந்த சின்னத்துரை, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியின் காதில் ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

"மருந்து டின்னுல எழுதியிருக்கிறத படிக்கத் தெரிஞ்ச பொம்பள ஒருத்தி கூட்டத்துல இருக்கணுமாம். அவதான் இனிமே மருந்து கலக்கணும். பம்பு தூக்க வேணாம். யாருக்குத் தெரியும்?"

பம்பு தூக்க வேண்டாம் என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

"எனக்குத் தெரியும் கிராணி."

பச்சைப் பொய். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்ததில் இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். சின்னத்துரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் கேட்பதாகச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஸ்டோரை விட்டு ஒரு சொட்டு மருந்து வெளியே போனால் அது திருட்டு, போலீஸ், அன்றைக்கே வேலையும் போகும் வீடும் போகும். எல்லோரும் தலையை ஆட்டினோம்.

டின்னில் சிவப்புப் பட்டை போட்டு ஐந்து வார்த்தை பெரிது பெரிதாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்து. சின்ன எழுத்தை எவன் படிப்பான் என்று பெரிய வார்த்தைகளை மட்டும் ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கிற டிரஸர் அமிர்தலிங்கம் ஐயா நல்ல மனுஷர். ஒவ்வொரு வார்த்தையையும் எப்படிச் சொல்வது, என்ன அர்த்தம் என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்.

"டின்னையும் ஒருநா கொண்டு வா பாஞ்சால. கீழ சின்னதா எழுதியிருப்பான், அதையும் பாத்துக்கிறது நல்லது."

"கொண்டாரேன் ஐயா" என்றேன். கொண்டு போகவில்லை. பெரிய எழுத்தே தலையில் நிற்காதபோது சின்ன எழுத்துக்கு எங்கே போவது?

முதல் நாலும் எப்படியோ நின்றுவிட்டது. டேஞ்சர் என்றால் தாப்பா ரோட்டில் லோரி உருண்ட வளைவில் நட்டிருக்கிற பலகை. பாய்சன் என்றால் டின்னின் மேல் மண்டை ஓடு. கிளவ்ஸ் என்றால் எங்களுக்கு ஜோடி தவறாமல் இரண்டும் இடதுகையாகக் கொடுத்த ரப்பர் உறை. வாஷ் என்றால் குழாயடி. இப்படி ஒவ்வொன்றையும் ஒரு இடத்திலோ சாமானிலோ கொண்டுபோய்க் கட்டிப் போட்டேன். ஐந்தாவது மட்டும் கட்டுக்குள் வரவில்லை. அதன் அர்த்தம் எனக்குப் பிடித்திருந்தது, விஷத்தை முறிக்கிற மாற்று மருந்து. வார்த்தைதான் நாக்கிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது.

தங்கம்மாதான் வழி சொன்னாள். பதினேழாம் நம்பர் மலையில், சாப்பாட்டு நேரத்தில், இரண்டு பேரும் பம்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"என்னமோ ஒளறிக்கிட்டே இருக்க. சத்தமாத்தான் சொல்லேன், நானும் கேக்குறேன்."

"ஆன்டிடோட்."

"ஆண்டி தோடா? இதுக்கா இத்தன நாளா தூக்கம் இல்லாம கெடந்த? அடி கூறுகெட்டவளே, ஒரு ஆண்டிய நெனச்சுக்க. மொட்டத் தல, கோமணம், கையில தண்டு. காதுல மட்டும் ஒத்தத் தோடு."

"ஆண்டிக்கு எதுக்குடி தோடு?"

அவள் சோற்றுக் கையோடு யோசித்தாள். "பாம்பு கடிச்சவன், வெஷம் குடிச்சவன் யாரு போனாலும், அந்தத் தோட்டக் கழட்டிக் கல்லுல ஒரசி, ஒரு சொட்டு நாக்குல வைப்பான். வெஷம் எறங்கிரும். அதுக்குத்தான் தோடு. இப்ப மறந்துரு பாப்போம்."

மறக்க முடியவில்லை. அடுத்த வாரம் சின்னத்துரை டின்னைக் காட்டி ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்தார். ஐந்தாவதில் விரலை வைத்ததும் எனக்கு மொட்டைத் தலையும் ஒற்றைத் தோடும் கண் முன்னால் வந்துவிட்டது. கணீரென்று சொன்னேன். அர்த்தமும் சொன்னேன். கிராணி மொழிபெயர்த்ததும் சின்னத்துரை, "குட்" என்றார். அவருடைய விரல் அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

மறுநாளிலிருந்து நான் குழாயடியில் நின்று மருந்து கலக்குகிறவள், ஸ்டோர் சாவியும் என் இடுப்பில். பம்பும் இல்லை, சரிவும் இல்லை. முதுகுப் புண் ஆற ஆரம்பித்தது. தலைகால் புரியாத பெருமை எனக்கு. கூட்டத்துப் பெண்களுக்கெல்லாம் ஐந்து வார்த்தையையும் நானே சொல்லிக் கொடுத்தேன். ஆண்டி எல்லோருக்கும் பிடித்துப்போனான். கையில் மருந்து தெறித்தால், "ஆண்டியக் கூப்புடுங்கடி" என்று மலையெல்லாம் சிரிப்பு. ரப்பர் உறையை முன்பு பயந்துகொண்டு போட்டவர்கள் இப்போது இடுப்பில் செருகிக்கொண்டார்கள். சரோஜா ஒருநாள் கழுவாத கையோடு சோற்றைப் பிசைந்தாள். "கைய கழுவுடி" என்று நான் அதட்டியதற்கு, "அதான் மாத்து மருந்து இருக்குன்னு நீதான சொன்ன, பாஞ்சாலக்கா" என்றாள். நான் என் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

லயத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் துண்டு துண்டாகக் காய்கறித் தோட்டம் உண்டு. தங்கம்மாவின் முட்டைக்கோசுப் பாத்தியைச் சுற்றி லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. கொஞ்சம் மருந்து கொடு என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டோரில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, காலி ஆரஞ்சுப் போத்தலில் கால் போத்தல் ஊற்றி, துணிக்குள் சுற்றி எடுத்துவந்து கொடுத்தேன். தண்ணீர் கலக்காத மருந்து. தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது கறுப்புத் தேத்தண்ணி நிறம். அந்த ஆரஞ்சுப் போத்தல் இருக்கிறதே, அது எங்கள் தோட்டத்தில் இல்லாத வீடு கிடையாது. பால் ஊற்றாத தேத்தண்ணியைக் காலையில் அதில் ஊற்றிக்கொண்டு மலைக்குப் போவோம், மத்தியானம் ஆறிப்போனதைக் குடிப்போம். எல்லோருக்கும் ஒரே போத்தல், ஒரே நிறம்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது தங்கம்மா பின்வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாஞ்சால, மாத்திக் குடிச்சிட்டேன் புள்ள."

"எத?"

"பாத்தியில ரெண்டு போத்தலும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. தாகம். ஒரு மடக்கு உள்ள போயிருச்சு. மிச்சத்தத் துப்பிட்டேன்."

உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தேன். பச்சையும் கறுப்புமாக வந்தது. அதற்குள் இருளப்பன் அண்ணன் ஓடி வந்துவிட்டார்.

"லோரி நிக்குது. டிரைவரு முனியாண்டி இன்னும் காய ஏத்தல. ஏறு, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

அவர் அவளைத் தூக்கவே குனிந்துவிட்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு என்னென்ன தோன்றியது என்று நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் எதைக் குடித்தாய் என்று கேட்பார்கள். மருந்து எப்படி வந்தது என்று கேட்பார்கள். ஸ்டோர் சாவி என்னிடம். போலீஸ், வேலை, வீடு. மறுபடி முதுகில் பம்புகூடக் கிடையாது, லயத்தை விட்டே போக வேண்டும். தங்கம்மா சாவாள் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. அந்த வார்த்தை எனக்குத் தெரியும் அல்லவா? டின்னிலேயே அச்சடித்திருக்கிறது அல்லவா?

"எதுக்குண்ணே பதறுறீங்க? இதுக்கு மாத்து மருந்து இருக்கு. டின்னுலயே எழுதியிருக்கு. நம்ம டிரஸர் கிட்ட இருக்கும். அவரு ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காரு, திங்கக்கெழம காலையில வந்துருவாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா மூக்குல ரப்பர் குழாய விட்டு உசுர எடுப்பாங்க. அவளுக்குத்தான் எல்லாம் வெளிய வந்துருச்சே."

"நெசமாவா?"

"நான் படிச்சேன்ல?"

இருளப்பன் அண்ணன் தங்கம்மாவைப் பார்த்தார். அவள், "அவதான் இங்கிலீஷ்காரியாச்சே. எனக்கு ஒன்னுமில்ல, லோரிக்காரன வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். லோரி கோசு ஏற்றிக்கொண்டு கீழே போயிற்று. அது வளைவில் திரும்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அவள் எழுந்து சமைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தொண்டை எரிகிறது என்றாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு வெந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. கஞ்சியை ஆற வைத்துக் கொடுத்தேன். "ஆண்டி எத்தன மணிக்கு வர்றானாம்?" என்று கேட்டுச் சிரித்தாள், சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருளப்பன் அண்ணன் அவளுக்கு விசிறிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அந்தக் குளிரில் அவளுக்கு எதற்கு விசிறி என்று நான் யோசித்தேன். யோசித்துவிட்டு, திங்கட்கிழமை எப்போது விடியும் என்று காத்திருந்தேன்.

விடிந்ததும் டிஸ்பென்சரி திறக்குமுன்னே மூன்று பேரும் போய் நின்றோம். தங்கம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போய்ச் சொன்னேன்.

"எப்பக் குடிச்சா?" என்றார் டிரஸர்.

"சனிக்கெழம மத்தியானம் ஐயா."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இன்னக்கித் திங்கக்கெழம பாஞ்சால."

"மாத்து மருந்து இருக்குல்ல ஐயா, ஆன்டிடோட்" என்றேன். கொஞ்சம்கூடப் பிசகாமல் சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் என்னோடு ஸ்டோருக்கு நடந்தார். டின்னை வெளிச்சத்தில் திருப்பி, பெரிய எழுத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"நீ தலைப்ப மட்டும் படிச்சிருக்க. கீழ என்ன எழுதியிருக்குன்னு சொல்லவா? இதுக்குன்னு மாத்து மருந்து எதுவும் கெடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இதான் எழுதியிருக்கு."

நான் டின்னைப் பார்த்தேன். எறும்புகள் அப்படியே இருந்தன.

"அன்னக்கே கொண்டு போயிருந்தா?" என்று கேட்டேன்.

"தெரியல. வயித்தக் கழுவியிருப்பாங்க. பொழச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம். இனிமே அதக் கேட்டு என்ன ஆகப் போகுது?"

திரும்பி வந்தபோது அவர் பெஞ்சு முன்னால் நின்று, மருந்து எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேட்டார். தங்கம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "ஸ்டோர் தொறந்து கெடந்துச்சு, நானேதான் எடுத்தேன் ஐயா" என்றாள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். டிரஸர் அண்ணனிடம் எதையும் உடைக்காமல், டாக்டரிடம் மட்டும் பேசிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். இருளப்பன் அண்ணன் என் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறை.

"நீ போய்க் கேளு தங்கச்சி. ஒனக்குத்தான அந்த மருந்து பேரு தெரியும். எனக்கு வாயில வராது."

டாக்டர் மலாய்க்காரப் பெண், சின்ன வயசு. வராந்தாவில் அவளை நிறுத்தி அந்த வார்த்தையைச் சொன்னேன். தோட்டத்துப் பொம்பளை வாயில் அது வந்ததும் அவள் புருவத்தைத் தூக்கினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தா அடா, காக்" என்றாள். இல்லை அக்கா, அவ்வளவுதான். மீதியையும் மலாயிலேயே மெதுவாகச் சொன்னாள். நெஞ்சுக்குள் இருக்கிற நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வரும். கடைசி வரைக்கும் நினைவு தப்பாது. நாலு நாளோ, ஒரு வாரமோ. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் இதேதான். வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

வார்டு வாசலில் இருளப்பன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனுஷன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு.

"என்ன சொன்னாங்க? இருக்காமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை லோரி.

"இருக்காம்ணே. கோலாலம்பூர்லருந்து வரணுமாம்."

"எதுல வரும்?"

"பஸ்ல குடுத்து விடுவாங்களாம்."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, "வருது புள்ள, பஸ்ல வருது" என்று தங்கம்மாவிடம் சொல்லிவிட்டு அப்போதே பஸ் ஸ்டேண்டுக்கு நடந்தார். அன்றைக்கே போவார் என்று நான் எங்கே கண்டேன்?

மூன்று நாள். தாப்பாவிலிருந்து ஏறி வருகிற பஸ்ஸில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. முதல் பஸ் வருமுன்னே போய்விடுவார், கடைசி பஸ் போன பிறகுதான் வார்டுக்கு வருவார். டிரைவரிடம் கேட்பார், கண்டக்டரிடம் கேட்பார், இறங்குகிறவர்களின் கூடையைக்கூடப் பார்ப்பாராம். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கம்மாவின் உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அவளுடைய மூச்சு கொஞ்சம் மேலே ஏறியது. முதல் நாள் வயிறு அசைந்தது, அடுத்த நாள் நெஞ்சு, வியாழக்கிழமை தோள்பட்டை மட்டும். நினைவு தெளிவாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என் கையைச் சுரண்டினாள்.

"மருந்து... வராதுல்ல?"

நான் துணியை நனைத்து அவள் உதட்டை ஒற்றினேன்.

"ஒன் மொகத்தப் பாத்தே... தெரிஞ்சுக்கிட்டேன்டி." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேடி எடுத்தாள். "அவர்கிட்ட சொல்லிரு. மூணு நாளா... அவர் மூஞ்சியக்கூட சரியாப் பாக்கல. வந்து பக்கத்துல ஒக்காரட்டும். போ."

பஸ் ஸ்டேண்டு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. நான் ஓடினேன். அவர் தூணோரத்தில் நின்றுகொண்டு கீழே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவ கூப்புடுறா. வாங்க."

"என்னா செய்யுது?"

"ஒங்களப் பாக்கணுங்கிறா."

"வர்றேன்னு சொல்லு. பதினொன்ர பஸ்ஸு இந்தா வந்துரும். இன்னக்கி வியாழக்கெழம, கோலாலம்பூர் பார்சலெல்லாம் இதுலதான் வரும்னு கண்டக்டரு சொல்லியிருக்காரு. நான் நகர்ந்த நேரம் பாத்து அவன் எடுத்துட்டுப் போயிட்டா என்னா பண்றது?"

"இல்லண்ணே, இப்பவே வாங்க."

"வெறுங்கையோட போயி நான் அவகிட்ட என்னா சொல்றது தங்கச்சி?"

அப்படி ஒரு மருந்தே கிடையாது அண்ணே. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார், சந்தேகமே இல்லாத கண். அப்போது கீழ் வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. "இந்தா வந்துட்டான்" என்று அவர் ரோட்டுக்கு இறங்கினார். அது பஸ் இல்லை, திரிங்காப்புக்குப் போகிற காய்கறி லோரி. மறுபடியும் தூணோரம் வந்து நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நிமிஷமும் நினைத்தேன். பிறகு, பஸ் வரட்டும், பார்சல் இல்லை என்றால் அவரே வந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பஸ் அன்றைக்கு முக்கால் மணி நேரம் தாமதம். எங்கேயோ ரோட்டில் மண் சரிந்திருந்ததாம். இருளப்பன் அண்ணன் ஏறிக் கடைசி சீட்டு வரைக்கும் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

வார்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அவர் திரையை விலக்கிக்கொண்டு போனார். நான் வெளியே நின்றேன். அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அந்தச் சின்னக் குரல் கேட்டது.

"பஸ்ஸு லேட்டு, தங்கம்மா. நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பத்து வருடமாகிவிட்டது. மருந்தை எடுத்தவள் தங்கம்மா என்றே ஆகிவிட்டதால் நான் இன்னும் அதே குழாயடியில்தான் மருந்து கலக்குகிறேன். இருளப்பன் அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தனியாகத்தான் இருக்கிறார். சோறு என் வீட்டில்தான். ரிங்லெட்டுக்குப் போகிற நாளில் பஸ் ஐந்து நிமிஷம் பிந்தினால் போதும், அந்த அமைதியான மனுஷன் ரோடு என்றும் பாராமல் கத்துவார். "இவனுங்க நேரத்துக்கு வந்திருந்தா எம் பொண்டாட்டி பொழச்சிருப்பா. மருந்து மண்ணு சரிஞ்ச எடத்துலயே கெடந்து போச்சு. நீயும்தான பாத்த தங்கச்சி, சொல்லு."

"ஆமாண்ணே, நாசமாப் போறவனுங்க" என்று நானும் அவரோடு சேர்ந்துகொண்டு பஸ்காரனைத் திட்டுகிறேன்.